சர்க்கரை நோயும் சுகாதார நிலையமும்: ஒரு வரலாற்றுப் பார்வை

 

நம் மஹல்லாவின் பெரியவர் ஒருவரை நலம் விசாரிக்க மருத்துவமனைக்குச் சென்றிருந்தேன். வலது காலின் இரண்டு விரல்களை அகற்றியிருந்தார்கள். பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உடையவர். மாதந்தோறும் அரசு சுகாதார நிலையத்துக்குச் சென்று மாத்திரை வாங்கி வந்தவர். தலையணைக்கு அடியிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். ஒரு மாதம்கூட விடுபடவில்லை. "இத்தனை ஆண்டுகளில் உங்கள் பாதத்தை யாரும் பார்க்கவில்லையா பாய்?" என்று கேட்டேன். "யாரும் கேட்கவில்லை ஹஜ்ரத், நானும் காட்டவில்லை" என்றார்.

அந்தப் பதில் என்னைப் பல நாட்கள் உறங்கவிடவில்லை. மருந்து இல்லை என்று சொல்ல முடியாது, இருந்தது. மருத்துவர் இல்லை என்று சொல்ல முடியாது, இருந்தார். நோயாளி அலட்சியமானவர் என்றும் சொல்ல முடியாது. அப்படியானால் எங்கே தவறு நேர்ந்தது? நான் மருத்துவன் அல்லன்; மதரஸாவில் ஓதியவன். ஆயினும் ஒரு நிலையத்தில் பணிபுரிவோர் பழகும் முறைக்கும் நோயாளியின் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பை வரலாற்றின் வழியே தேடிப் பார்க்கலாம் என்று தோன்றியது. அந்தத் தேடலின் பயனே இக்கட்டுரை.

பழைய நோய், பழைய பெயர்கள்

இந்நோய் நம் காலத்தில் பிறந்ததன்று. ஆயுர்வேத நூல்கள் இதனை 'மதுமேகம்' என்றன. தமிழ் வைத்தியர்கள் 'நீரிழிவு' என்றார்கள். கிரேக்க மருத்துவர் இட்ட பெயர் அரபியில் நுழைந்து, யூனானி ஹகீம்களின் வழியே உருதுவில் 'ஜியாபீதஸ்' என்று இன்றும் வழங்குகிறது. கி.பி. 1037-இல் மறைந்த இப்னு ஸீனா தம் 'அல்கானூன்' என்னும் பெருநூலில் இந்நோயைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

அந்த மருத்துவ மரபில் தோன்றிய மற்றொரு நூலை இங்கே நினைவுகூர வேண்டும். கி.பி. 9-ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியிலுள்ள ருஹா நகரைச் சேர்ந்த இஸ்ஹாக் இப்னு அலீ அர்ருஹாவி எழுதிய 'அதபுத் தபீப்' என்பதே அது. 'மருத்துவரின் ஒழுக்கம்' என்று அதன் பெயருக்குப் பொருள் கூறலாம். மருத்துவர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதோடு அந்நூல் நின்றுவிடவில்லை. நோயாளிக்குப் பணிவிடை செய்வோர், அவரைப் பார்க்க வருவோர் ஆகியோர் பேண வேண்டிய ஒழுங்குகளையும் எடுத்துரைக்கிறது. நோயாளியைச் சூழ்ந்திருக்கும் அனைவருடைய நடத்தையும் சிகிச்சையின் ஒரு பகுதி என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருக்கிறார்கள். இன்று அதைத்தான் 'பணிக் கலாசாரம்' என்ற பெயரால் ஆராய்கிறார்கள்.

ஆயுட்கால நோயாக மாறிய வரலாறு

சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பு வரை, சிறு வயதில் வரும் சர்க்கரை நோய் மரண ஓலையாகவே இருந்தது. உணவைக் குறைத்துப் பட்டினி போட்டுச் சில மாதங்கள் நாளைக் கடத்துவதே அன்றைய சிகிச்சை. 1921-இல் கனடாவின் டொரான்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் ஆகியோரின் ஆய்வில் இன்சுலின் கிடைத்தது. 1922 ஜனவரி 11 அன்று லியோனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. கண்டறிந்தவர்கள் அதன் உரிமையைப் பெயரளவுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். உயிர் காக்கும் மருந்தை வணிகப் பொருளாக்க அவர்கள் மனம் ஒப்பவில்லை.

நம் மாநிலத்தில் இத்துறைக்கு அடித்தளம் இட்டவர்களுள் முதன்மையானவர் பேராசிரியர் மு.விஸ்வநாதன். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-இல் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கிய அவர், 1954-இல் ராயபுரத்தில் நீரிழிவுக்கென்றே ஒரு மருத்துவமனையை நிறுவினார்.

இன்சுலினும் மாத்திரைகளும் வந்த பின்னர் நோயின் தன்மையே மாறிற்று. சில மாதங்களில் உயிரைப் பறித்த நோய், நாற்பது ஆண்டுகள் உடன் வாழும் நோயாயிற்று. காய்ச்சலுக்கு மருந்து தருபவர் நோயாளியை ஒரு முறை பார்த்தால் போதும். சர்க்கரை நோயிலோ, மருத்துவமனைக்கு ஆண்டில் 12 நாட்கள் வருபவர், எஞ்சிய 353 நாட்களும் தமக்குத் தாமே மருத்துவராக இருந்தாக வேண்டும். அந்த நாட்களில் அவர் என்ன செய்வார் என்பது, அந்த 12 நாட்களில் அவரிடம் எப்படிப் பேசினார்கள் என்பதைப் பொறுத்தது.

இங்கிலாந்தில் 5,102 நோயாளிகளை இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பெரும் ஆய்வின் முடிவு 1998-இல் வெளிவந்தது. இரத்தச் சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் கண், சிறுநீரகம் முதலியவற்றின் நுண்குழாய்களில் நேரும் பாதிப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்று அது நிறுவியது. அத்தகைய நீண்ட காலக் கவனிப்புக்கு நம் சுகாதார நிலையங்கள் ஆயத்தமாக இருந்தனவா?

நிலையங்கள் எதற்காகப் பிறந்தன?

1939-இல் சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டத்தை இயற்றியது. இந்தியாவில் இவ்வகைச் சட்டங்களுள் இதுவே முன்னோடி. காலரா, பெரியம்மை, குடிநீர், சாக்கடை ஆகியவையே அதன் கவலை. 1946-இல் போர் குழு தன் அறிக்கையை அளித்தது. கிராம மக்களுக்கு அருகிலேயே ஆரம்ப சுகாதார நிலையங்கள் அமைய வேண்டும் என்ற திட்டம் அதிலிருந்து பிறந்தது. சென்னையின் புகழ்பெற்ற மருத்துவர் ஆ.லட்சுமணசுவாமி முதலியாரும் அக்குழுவில் இடம்பெற்றிருந்தார். 1952 முதல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் கீழ் நாடெங்கும் நிலையங்கள் எழுந்தன.

அந்த நிலையங்களின் பணி தெளிவானது: தொற்றுநோயைத் தடுத்தல், பிரசவம் பார்த்தல், தடுப்பூசி போடுதல். பின்னர் குடும்பக் கட்டுப்பாடு வந்து சேர்ந்தது. ஒவ்வொரு பணியாளருக்கும் 'இத்தனை பேர்' என்று இலக்கு விதிக்கும் முறை 1996 வரை நீடித்தது. இலக்கை எட்டினார்களா என்பதே மேலதிகாரியின் முதல் கேள்வி. வந்தவர்களை எண்ணுவது, பதிவேட்டை நிரப்புவது, மேலிருந்து வரும் ஆணையை நிறைவேற்றுவது ஆகிய பழக்கங்கள் இவ்வாறே வேரூன்றின. அவற்றை இழிவாகச் சொல்வதற்கில்லை. பெரியம்மை ஒழிந்ததும், தாய்சேய் மரணம் வெகுவாகக் குறைந்ததும் அந்த உழைப்பினால்தான். நம் பாட்டிமார் காலத்தில் பிரசவத்தில் இழந்த உயிர்களை எண்ணிப் பார்ப்பவர் அந்தப் பணியாளர்களுக்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியாது.

ஆனால் தடுப்பூசி போட்டால் ஒரு வேலை முடிந்தது. பிரசவம் ஆனால் ஒரு வேலை முடிந்தது. சர்க்கரை நோயில் வேலை முடிவதே இல்லை. முடியும் வேலைகளுக்கென்று பழகிய கைகளிடம் முடியாத வேலை ஒன்று வந்து சேர்ந்தது.

மருந்து கிராமத்துக்கு வந்த கதை

1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தோற்றுவிக்கப்பட்டது. மருந்துகளை மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு நிலையத்துக்கும் பாஸ்புக் முறையில் வழங்கும் ஏற்பாடு அதனால் உருவாயிற்று. ஏழையின் கைக்கு மாத்திரை தடையின்றிக் கிடைக்க இதுவே பெருங்காரணம். பிற மாநிலங்களும் இந்த ஏற்பாட்டைப் பார்த்துப் பின்பற்றின.

உலக வங்கியின் உதவியுடன் நடைபெற்ற சுகாதாரத் திட்டத்தில், 2007-இல் சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் இரத்த அழுத்த நோய்க்கான முன்னோட்டப் பணி தொடங்கியது. 2012 முதல் சர்க்கரை நோயையும் சேர்த்து மாநிலம் முழுவதும் தொற்றாநோய்த் திட்டம் விரிந்தது. இதற்கெனச் செவிலியர்கள் ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்பட்டனர். 2016-17-இல் சூளகிரி, விராலிமலை, வேப்பூர் ஆகிய மூன்று வட்டாரங்களில் துணை சுகாதார நிலையங்களுக்குச் செவிலியரும் மருந்தும் அளித்துச் சோதித்துப் பார்த்தார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி வைக்கப்பட்டது. மகளிர் சுயஉதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்களே இல்லம் தேடி வந்து பரிசோதித்து மாத்திரை வழங்கும் இத்திட்டம் 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதையும் பெற்றது.

நம் மாவட்டத்திலும் மாற்றங்கள் நிகழ்ந்தன. 1985-இல் சிதம்பரம் அண்ணாமலை நகரில் தொடங்கப்பட்ட ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, 2021-இல் மாநிலச் சுகாதாரத் துறையின் கீழ் வந்து, கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாயிற்று. மஞ்சக்குப்பத்தில் தலைமை மருத்துவமனை இருக்கிறது. பரங்கிப்பேட்டையிலிருந்தோ லால்பேட்டையிலிருந்தோ சிதம்பரத்துக்குப் பேருந்தில் எளிதாகப் போய்விடலாம்.

இத்தனையும் இருந்தும் விளைவு என்ன? 2020-இல் தமிழ்நாட்டில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வில், சர்க்கரை நோய் உள்ளவர்களில் 10.8 விழுக்காட்டினருக்கு மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. அதாவது பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேருக்குக் கட்டுக்குள் இல்லை. நோய் இருப்பதையே அறியாதவர்களும், சிகிச்சையை இடையில் விட்டவர்களும் இந்தக் கணக்கில் அடங்குவர். ஆனால் நம் பெரியவரைப் போல், மாதந்தோறும் மாத்திரை வாங்கியும் நோய் அடங்காதவர்களும் இதில் இருக்கிறார்கள். அவர்களுடைய கதை நிலையத்தின் சுவர்களுக்குள் நடப்பது.

சுவர்களுக்குள் நடப்பது

மஹல்லாவின் முதியவர்களுக்குத் துணையாகச் சில நிலையங்களின் திண்ணையில் நானும் காத்திருந்திருக்கிறேன். இரண்டு காட்சிகளைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர்கள் வேண்டாம்.

ஒரு நிலையத்தில், சர்க்கரை அளவை அனைவர் காதிலும் விழும்படி உரக்கப் படித்தார்கள். "முந்நூறு! சோற்றைக் குறைக்கச் சொன்னால் கேட்பதில்லை" என்று ஒரு மூதாட்டிக்கு ஏச்சு விழுந்தது. வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அந்த அம்மா மறுமாதம் என்ன செய்தார் தெரியுமா? பரிசோதனைக்கு முன் இரண்டு நாட்கள் அரைப் பட்டினி கிடந்தார். எண் குறைந்து வந்தது, ஏச்சு விழவில்லை. மருந்தின் அளவும் மாறவில்லை. உள்ளே நோய் வளர்ந்தது. நோயாளி பொய் சொல்லக் கற்றுக்கொண்டது எங்கே என்று சிந்தியுங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை இருப்பதன் பயன்களுள் ஒன்று, இத்தகைய இரண்டு நாள் பத்தியம் அதனிடம் எடுபடாது என்பதே.

அந்தச் செவிலியரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் முன்னால் பதிவேடுகள் அடுக்கியிருந்தன. வாசலில் நீண்ட வரிசை. எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தீர்கள் என்று மேலிருந்து கேட்பார்கள்; எத்தனை பேருடைய பாதத்தைப் பார்த்தீர்கள் என்று கேட்பதில்லை. பணி நிரந்தரம் இல்லாதவருக்கு அடுத்த ஆண்டு இதே நாற்காலி இருக்குமா என்ற கவலை. அவரை யாராவது அதட்டியிருப்பார்கள். அவர் மூதாட்டியை அதட்டினார். அதட்டல் எப்போதும் மேலிருந்து கீழ்நோக்கியே பாயும்.

மற்றொரு நிலையத்தில் கண்டது வேறு. அதே நெரிசல், அதே மாத்திரைகள். ஆனால் செவிலியர், "மாத்திரை மிச்சம் இருக்கிறதா பாட்டி? எத்தனை இருக்கிறது?" என்று கேட்டார். மிச்சம் இருப்பதைச் சொன்னதற்கு ஏச்சு விழவில்லை. இரவு மாத்திரை சாப்பிட்டால் வயிற்றைப் புரட்டுகிறது என்ற காரணம் வெளியே வந்தது. இரத்த அழுத்தம் பார்க்கும் போதே, "செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டுங்கள்" என்றார். பின்னர் மருத்துவரிடம் சென்று, "இந்த அம்மாவுக்கு மூன்று மாதமாகக் குறையவில்லை, ஐயா, மாத்திரையை மாற்ற வேண்டும் போலிருக்கிறது" என்றார். மருத்துவர் அதைக் கேட்டார். நான் வியந்தது இங்கேதான். மூன்று மாதங்களாகப் பார்த்தவர் செவிலியர். மருந்தை மாற்றும் அதிகாரம் மருத்துவருக்கு. சொல்லும் துணிவு ஒருவருக்கும் கேட்கும் மனம் மற்றவருக்கும் இருந்தமையால் அந்த அம்மாவின் மருந்து அன்றே மாற்றப்பட்டது. இந்த ஏற்பாட்டுக்கு அரசு ஆணை எதுவும் தேவைப்படவில்லை.

காஞ்சிபுரம் மாவட்டமாக அன்றிருந்த பகுதியில் சூணாம்பேட்டைச் சுற்றியுள்ள 42 கிராமங்களில் நடந்த நீரிழிவுத் திட்டமும் இதற்குச் சான்று. அங்கே உள்ளூர் மக்களையே பயிற்றுவித்துப் பணியில் அமர்த்தினார்கள். ஓராண்டில் நோயாளிகளின் மூன்று மாதச் சராசரி அளவு 9.3-இலிருந்து 8.5-ஆகக் குறைந்தது. சென்னைக்கு அனுப்ப வேண்டிய நிலை 5 விழுக்காட்டினருக்கும் குறைவானோருக்கே நேர்ந்தது. அருகில் இருப்பவர் அறிந்து கவனித்தால் தொலைவுக்கு ஓட வேண்டியதில்லை.

அறிந்தவர் ஒருவர் நிலையத்தில் நீடித்திருப்பதன் அருமை நம் மாவட்டத்தாருக்கு நன்றாகப் புரியும். 2004 டிசம்பர் 26-இன் சுனாமியையும், 2011 டிசம்பர் 30-இன் தானே புயலையும், 2015-இன் பெருவெள்ளத்தையும் கண்டவர்கள் நாம். வீட்டுக்குள் நீர் புகுந்தால் மாத்திரையும் போகும், மருந்துச் சீட்டும் போகும். அப்போது, "உங்களுக்கு இந்த மாத்திரை, இத்தனை வேளை" என்று நினைவிலிருந்து சொல்லக்கூடியவர் பல ஆண்டுகளாக முகம் பார்த்துப் பழகியவர் மட்டுமே. ஆண்டுதோறும் ஆள் மாறும் இடத்தில் அந்த நினைவு சேர்வதில்லை.

நாம் மறைப்பது

இதுவரை நிலையத்தைப் பற்றிச் சொன்னேன். இனி நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2001-இல் 13 நாடுகளில் 12,243 முஸ்லிம் நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. மாத்திரையைப் பெரிதும் நம்பியிருக்கும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளில் 79 விழுக்காட்டினர் ரமளானில் குறைந்தது 15 நாட்களாவது நோன்பு நோற்றார்கள் என்று தெரியவந்தது. நம் மஹல்லாவிலும் அப்படித்தான். ஆனால் அவர்களில் எத்தனை பேர் தம் செவிலியரிடம் அதைச் சொல்கிறார்கள்? 'சொன்னால் நோன்பு வைக்கக் கூடாது என்பார்கள்' என்று அஞ்சி மறைக்கிறோம். அவர்களும் கேட்பதில்லை, கேட்டால் நாம் மனம் நோவோமோ என்ற தயக்கம். காலை மாத்திரையைத் தாமாகவே ஸஹருக்கு மாற்றிக்கொண்டு, பகலில் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

நோயாளிக்கு மார்க்கம் தெளிவான சலுகையைத் தந்திருக்கிறது. நலம் பெற்ற பின் களா செய்யலாம். அறவே இயலாதவர் ஃபித்யா கொடுக்கலாம். விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்ப்பதனால் நோன்பு முறியாது. சர்க்கரை மிகத் தாழ்ந்தால் நோன்பைத் திறந்துவிடுவது கடமை. யார் நோற்கலாம், யார் நோற்கக் கூடாது, மருந்தை எப்படி மாற்றுவது என்பதற்கு மருத்துவ உலகில் 2016 முதல் தனி வழிகாட்டுதலே இருக்கிறது. ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் காண வேண்டும் என்று அது கூறுகிறது. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் மகன் கொண்டுவந்த மாத்திரையை நிலையத்தில் காட்டாமல், இரண்டையும் சேர்த்து விழுங்குவதும் இதே மறைப்பின் மற்றொரு முகமே.

ஜமாஅத்தின் பொறுப்பு

நிர்வாகக் குழுவின் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். ஷஃபான் மாதத்துக்கு முன்பாகவே நம் பகுதி சுகாதார நிலையத்தின் மருத்துவரையும் செவிலியரையும் அழைத்து, நோன்பையும் மருந்தையும் பற்றி உரையாடச் செய்ய வேண்டும். உலமாக்களும் உடனிருந்தால் இரு தரப்பின் தயக்கமும் நீங்கும். மூத்தோர் நிலையத்துக்குச் செல்லும் நாளில் வாலிபர்கள் துணையாகச் சென்று, மருந்துகள் அனைத்தையும் ஒரே பையில் எடுத்துச் சென்று காட்டட்டும். ஆண்டு விழாவில் வணிகப் பெருமக்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். ஏழைகளின் முகத்தைப் பெயரோடு நினைவில் வைத்திருக்கும் ஒரு செவிலியருக்கும், வீடு வீடாக நடக்கும் ஒரு தன்னார்வலப் பெண்ணுக்கும் ஒரு பொன்னாடை இருக்கட்டும். மரியாதை பெறும் கை, மரியாதை தரும் கையாகும்.

நிலையத்தில் பணிபுரிவோரும் இதைப் படிக்கக்கூடும். அவர்களிடம் கேட்பது ஒன்றே: மாதம் ஒருவரிடமாவது, "காலைக் காட்டுங்கள்" என்று சொல்லித் தொடங்குங்கள். எங்கள் மக்களிடம் நான் கேட்பதும் ஒன்றே: கேட்கும் வரை காத்திராமல் காட்டுங்கள்.

நம் பெரியவர் இப்போது தடியூன்றிப் பள்ளிக்கு வருகிறார். நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார். தொழுகை முடிந்ததும், புதிதாகச் சர்க்கரை நோய் கண்டவர்களை அருகில் அழைத்து, "செருப்பைக் கழற்று, காலைப் பார்க்கிறேன்" என்கிறார். நம் உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பிறர் உடல் அதைப் பேணும் பணியில் இருப்போரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். இரண்டையும் முறையாகப் பேணும் நற்பாக்கியத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.